செத்த விதை விற்ற காலத்தில் சோதித்து விற்றவர்

கீரனூரில் மக்காச்சோள விதை வாங்கப் போகிறீர்கள். ரகத்தின் பெயரைப் பார்க்கிறீர்கள், விலையைக் கேட்கிறீர்கள், கடைக்காரர் சொல்வதை நம்புகிறீர்கள். விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதை வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. முளைக்கவில்லை என்று தெரியவரும்போது உழவுக் கூலி போயிருக்கும், பட்டமும் தப்பியிருக்கும்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து விவசாயிக்கும் இதே கவலை இருந்தது. அதைத் தீர்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர் மார்ட்டின் ஹோப் சட்டன்.

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றோடு கென்னட் ஆறு சேரும் இடத்தில் இருக்கிறது ரெடிங் நகரம். சுற்றுவட்டாரத் தானியமெல்லாம் வந்து சேரும் சந்தை ஊர் அது. நம் ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி எப்படியோ, அந்த ஊருக்குத் தானியம் அப்படி. அங்கே 1806-ல் ஜான் சட்டன் தானியக் கடை தொடங்கினார். அவருடைய மகன் மார்ட்டின் பிறந்தது 1815-ல். சிறு வயதிலேயே அப்பாவின் கடைக்கு வந்த மார்ட்டினுக்குத் தானிய மூட்டைகளைவிடச் செடிகளிலும் விதைகளிலும்தான் ஆர்வம். கடை மெல்ல விதைக் கடையானது.

அன்றைய விதை வியாபாரத்தில் பெரிய மோசடி ஒன்று நடந்துவந்தது. விலை அதிகமான விதையோடு, பார்க்க அதேபோல் இருக்கும் மலிவான விதையைக் கலப்பார்கள். அது வேறு பயிராக முளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதனால் கலப்பதற்கு முன் அந்த விதையைச் சூடுகாட்டிக் கொன்றுவிடுவார்கள். வயலில் பாதி விதை முளைக்காமல் போகும். விவசாயி மழையையும் மண்ணையும் நொந்துகொள்வார்.

மார்ட்டின் 1840-ல் விதைப் பரிசோதனைக் கூடம் ஒன்றை அமைத்தார். முளைப்பையும் தூய்மையையும் பார்த்த பிறகே விதை விற்பனைக்குப் போனது. அதே ஆண்டில் லண்டனிலிருந்து ரயில் பாதை ரெடிங்குக்கு வந்தது. ஒரு பென்னி செலவில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் தபால் முறையும் அப்போதுதான் வந்தது. இரண்டையும் மார்ட்டின் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். கடைக்கே வராத விவசாயிக்கும் சோதித்த விதை போய்ச் சேர்ந்தது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் அழித்து, பெரும் பஞ்சம் வந்தது. அப்போது முட்டைக்கோசு, டர்னிப் போன்று சீக்கிரம் பலன் தரும் பயிர்களின் விதைகளைச் சட்டன் நிறுவனம் கொடுத்து உதவியது. 1858-ல் விக்டோரியா அரசியின் அரண்மனைக்கே விதை வழங்கும் உரிமை கிடைத்தது. விதையைக் கொல்வதையும் சாயமேற்றுவதையும் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1869-ல்தான் வந்தது. மார்ட்டின் அதற்கு 29 ஆண்டுகள் முன்பே சோதனையைத் தொடங்கிவிட்டார்.

ரெடிங் நகரமும் சேர்ந்து வளர்ந்தது. பிஸ்கட், பீர், விதை ஆகிய மூன்றும்தான் அன்று அந்த ஊரின் அடையாளமாக இருந்தன. 1901-ல் மார்ட்டின் இறந்தபோது அவருக்கு வயது 86. பின்னாளில் இந்த நிறுவனம் கல்கத்தாவிலும் கடை நடத்தியது. 1976-ல் ரெடிங்கை விட்டு டார்க்கி என்ற கடலோர ஊருக்குப் போய்விட்டது. சோதிக்காமல் விதை விற்கக் கூடாது என்ற வழக்கம் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் 1966-ன் விதைச் சட்டம் உங்களுக்குத் துணை இருக்கிறது. மக்காச்சோள வீரிய ஒட்டு விதை 100-க்கு 90-ம், தக்காளி விதை 70-ம் முளைக்க வேண்டும். வாங்கும்போது குவியல் எண், முளைப்புத்திறன், சோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படியுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். அறுவடை முடியும் வரை அட்டையையும் பையையும் வீசிவிடாதீர்கள்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு 100 மக்காச்சோள விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஏழாம் நாள் பிரித்து, நன்றாக முளைத்தவற்றை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மீதி விதையை நிலத்தில் போடாமல், மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மார்ட்டின் சட்டன் கடையில் செய்த வேலையை நீங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம்.