மியூரியல் கூப்பர்

மியூரியல் கூப்பர் (1925 – மே 26, 1994) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வரைகலை வடிவமைப்பாளர், நூல் வடிவமைப்பாளர், ஆய்வாளர், பேராசிரியர் ஆவார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) பதிப்பகத்திற்குச் சின்னம் வரைந்தவர் இவரே. அப்பதிப்பகத்தின் முதல் வடிவமைப்பு, ஊடக இயக்குநராகவும் பணியாற்றினார். பின்னர் கணினித் திரையில் எழுத்துகளும் படங்களும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஆராய்ந்து, எண்ணிம வடிவமைப்பு என்னும் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இவருடைய வாழ்க்கைப் பணி இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் உருவான அச்சு நூல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன. பிற்பகுதியில் உருவான மென்பொருள்கள், அவை இயங்கிய கணினிகளோடு பயன்பாட்டிலிருந்து மறைந்து விட்டன. இதனால், கணினியிலேயே பிறந்த வடிவமைப்புப் படைப்புகளை எவ்வாறு ஆவணப்படுத்துவது என்னும் கேள்விக்கு இவருடைய வாழ்க்கை ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

இளமையும் கல்வியும்

கூப்பர் 1925 ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில் பிறந்தார். 1944 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் கலைக் கல்லூரியில் பயின்று, 1948 இல் வடிவமைப்பிலும் 1951 இல் கல்வியியலிலும் பட்டங்கள் பெற்றார்.

வெளியீட்டு அலுவலகம்

1952 இல் எம்ஐடியில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த வெளியீட்டு அலுவலகத்தில் கூப்பர் சேர்ந்தார். அறிவியல் நிகழ்ச்சிகளுக்கான அறிவிப்புகள், கையேடுகள், சுவரொட்டிகள் ஆகியவற்றை வடிவமைப்பது இவ்வலுவலகத்தின் பணியாகும். தம்முடன் கலைக் கல்லூரியில் பயின்ற ஜாக்குலின் கேசியை 1955 இல் இங்கு பணிக்கு அழைத்து வந்தார். கேசி பிற்காலத்தில் அந்த அலுவலகத்தின் தலைவராகி, தம் சுவரொட்டிகளால் புகழ் பெற்றார்.

1958 இல் கூப்பர் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்றார். நாடு திரும்பிய பின் சொந்தமாக வடிவமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். எம்ஐடி பதிப்பகமும் அவருடைய வாடிக்கையாளர்களுள் ஒன்றாக இருந்தது.

எம்ஐடி பதிப்பகம்

சின்னம்

1960களின் நடுப்பகுதியில் பதிப்பகத்திற்காகக் கூப்பர் வரைந்த சின்னம் ஏழு செங்குத்துக் கோடுகளால் ஆனது. பதிப்பகப் பெயரின் முதலெழுத்துகளான எம், ஐ, டி, பி ஆகிய நான்கின் சிறிய ஆங்கில வடிவங்களிலிருந்து வளைவுகளை நீக்கி, நிமிர்ந்த கோடுகளை மட்டும் எடுத்தால் கிடைக்கும் வடிவம் இது. ஒரு கோடு மேலே உயர்ந்து டி எழுத்தையும், மற்றொரு கோடு கீழே இறங்கி பி எழுத்தையும் குறிக்கும். அலமாரியில் அடுக்கிய நூல்களின் முதுகுகளைப் போலவும் இச்சின்னம் தோன்றும். பதிப்பகம் இன்றும் இதனையே பயன்படுத்துகிறது.

நூல்கள்

1967 இல் கூப்பர் எம்ஐடி பதிப்பகத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்தார். சுமார் 500 நூல்களின் வடிவமைப்பில் இவருடைய பங்கு உண்டு. அவற்றுள் இரண்டு நூல்கள் பெரிதும் பேசப்படுபவை.

முதலாவது, ஜெர்மானிய அறிஞர் ஹன்ஸ் விங்லர் எழுதிய பௌஹவுஸ் நூலின் 1969 ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு. பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆவணங்களையும் படங்களையும் தொகுத்த இப்பெரிய நூலை எல்வெட்டிக்கா எழுத்துருவில் கூப்பர் அமைத்தார். நூல் முடிந்த பின், அதன் பக்கங்கள் விரைந்து ஓடுவது போன்ற குறும்படம் ஒன்றையும் உருவாக்கினார். அசையாத பக்கத்தை அசைவுள்ளதாகக் காணும் ஆர்வம் அவருக்குக் கணினியில் பணியாற்றத் தொடங்குவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு இக்குறும்படம் சான்றாகும்.

இரண்டாவது, ராபர்ட் வென்டூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனோர் ஆகிய மூவரும் எழுதி 1972 இல் வெளியான லாஸ் வேகஸ் நகரக் கட்டடக்கலை பற்றிய நூல். பெரிய அளவில், மெல்லிய ஒளிபுகு மேலுறையுடன் இதனைக் கூப்பர் வடிவமைத்தார். நூலாசிரியர்களுக்கு இவ்வடிவமைப்பு பிடிக்கவில்லை. எளிய, அன்றாடக் கட்டடங்களுக்காக வாதிடும் நூல் ஒன்று நினைவுச்சின்னம் போல் அமைந்துவிட்டது என்பது அவர்களுடைய குறை. 1977 இல் ஸ்காட் பிரவுன் மேற்பார்வையில் சிறிய, மலிவான திருத்தப் பதிப்பு வெளிவந்தது. ஆயினும் கூப்பரின் முதற்பதிப்பு வடிவமைப்பாளர்களிடையே தொடர்ந்து மதிக்கப்பட்டது. 2017 இல் எம்ஐடி பதிப்பகம் அதனை அச்சு மாறாமல் மறுபதிப்புச் செய்தது.

கணினியுடன் அறிமுகம்

1967 இல் எம்ஐடியில் நிக்கோலஸ் நெக்ரோபாண்டி நடத்திய கோடைக்கால வகுப்பில் கூப்பர் கணினியைக் கற்க முயன்றார். நிரல் எழுதுவது அவருக்குக் கைவரவில்லை. பிற்காலத்திலும் அவர் நிரலாளர் ஆகவில்லை. எனினும், எழுதுபவர், வடிவமைப்பவர், எழுத்துக் கோர்ப்பவர், அச்சிடுபவர் என்று தனித்தனியாகப் பிரிந்து கிடந்த பணிகளைக் கணினி ஒன்றுசேர்க்கக்கூடும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

புலப்படும் மொழிப் பட்டறை

1970களின் நடுப்பகுதியில், ரான் மெக்நீல் என்பவருடன் இணைந்து எம்ஐடி கட்டடக்கலைத் துறையில் விசிபிள் லாங்குவேஜ் வொர்க்‌ஷாப் (புலப்படும் மொழிப் பட்டறை) என்னும் அமைப்பைக் கூப்பர் நிறுவினார். மெசேஜஸ் அண்டு மீன்ஸ் (செய்திகளும் வழிமுறைகளும்) என்ற பாடத்தை இருவரும் சேர்ந்து கற்பித்தனர்.

பட்டறையில் ஆப்செட் அச்சு இயந்திரங்கள் மாணவர்களின் கைக்கெட்டும்படி வைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் தாமே தகடு செய்து, மை ஏற்றி, அச்சிட்டு, வந்ததைப் பார்த்து உடனே மாற்றியமைத்தனர். வடிவமைப்பை முடித்துவிட்டு அச்சகத்திடம் ஒப்படைக்கும் வழக்கத்திற்கு இது மாறானது. செய்தவுடன் விளைவைக் காணவும், கண்டவுடன் திருத்தவும் இயல வேண்டும் என்பதே கூப்பரின் நோக்கம். அவர் பின்னர் கணினியிடம் எதிர்பார்த்ததும் இதுவேயாகும்.

ஊடக ஆய்வகம்

1985 இல் எம்ஐடி ஊடக ஆய்வகம் திறக்கப்பட்டபோது பட்டறையும் அதன் ஒரு பகுதியாயிற்று. கூப்பர் ஆய்வகத்தின் தொடக்ககாலப் பேராசிரியர்களுள் ஒருவர் ஆவார்.

அக்காலக் கணினித் திரைகளில் எழுத்துகள் படிக்கட்டு போன்ற விளிம்புகளுடன் கரடுமுரடாகத் தெரிந்தன. பட்டறையின் மாணவர்கள் விளிம்புகளில் சாம்பல் நிறச் சாயல்களைக் கலந்து எழுத்துகளை மென்மையாக்கினர். எழுத்துகளை ஒளிபுகுமாறும், மங்குமாறும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குமாறும் செய்து, தேவையான செய்தி முன்னே வரவும் மற்றவை பின்னே செல்லவும் வழி கண்டனர். நீரும் நிறமியும் தாளில் பரவும் முறையைக் கணித்து நீர்வண்ண ஓவியத்தைத் திரையில் போலச்செய்யும் ஆய்வினை, டேவிட் ஸ்மால் என்னும் மாணவர் கனெக்‌ஷன் மெஷின் என்னும் இணைநிலைக் கணினியில் மேற்கொண்டார்.

1989 இல் டிசைன் குவார்ட்டர்லி இதழின் 142 ஆவது வெளியீடு கணினியும் வடிவமைப்பும் என்ற பொருளில் கூப்பரின் பொறுப்பில் வெளிவந்தது. மிகக் குறைவாகவே எழுதிய கூப்பரின் கருத்துகளை அறிய இவ்விதழ் முதன்மையான சான்றாக உள்ளது.

தகவல் நிலக்காட்சிகள்

1994 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் நடைபெற்ற டெட் மாநாட்டில் பட்டறையின் புதிய ஆய்வுகளைக் கூப்பர் காட்டினார். இவை இன்பர்மேஷன் லேண்ட்ஸ்கேப்ஸ் (தகவல் நிலக்காட்சிகள்) என்று அறியப்படுகின்றன. அடுக்கி வைத்த சாளரங்களுக்கு மாற்றாக, எழுத்துகள் முப்பரிமாண வெளியில் மிதந்தன. பார்ப்பவர் அவ்வெளிக்குள் பறந்து செல்வது போல் நகர்ந்து, தொலைவில் சிறிதாகத் தெரிந்ததை அருகில் சென்று படிக்கலாம். சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் முப்பரிமாண வரைகலைக் கணினிகளில் இவை இயங்கின. டேவிட் ஸ்மால், சுகுரு இஷிசாகி, லிசா ஸ்ட்ராஸ்பெல்ட் ஆகிய மாணவர்கள் இவ்வாய்வில் பங்கு கொண்டனர்.

மறைவு

மாநாடு முடிந்து மூன்று மாதங்களில், 1994 மே 26 அன்று, பாஸ்டன் நகரில் கூப்பர் தமது 68 ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். அமெரிக்க வரைகலைக் கலைகள் நிறுவனம் அவ்வாண்டு அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அவர் மறைவுக்குப் பின் பட்டறை நெடுநாள் நீடிக்கவில்லை.

படைப்புகளைப் பாதுகாப்பதில் உள்ள இடர்கள்

கருவிகளின் மறைவு

1972 ஆம் ஆண்டு நூலை 45 ஆண்டுகள் கழித்து மறுபதிப்புச் செய்ய, அதன் படி ஒன்று கையில் இருந்தாலே போதுமானது. 1994 ஆம் ஆண்டு மென்பொருளுக்கு இது பொருந்தாது. அதனை மீண்டும் காண நிரல், அந்நிரல் இயங்கும் இயங்குதளம், வரைகலை வன்பொருள், எழுத்துருக் கோப்புகள், தரவுகள் ஆகிய அனைத்தும் ஒருங்கே தேவைப்படும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் திரையில் எதுவும் தோன்றாது, அல்லது தவறாகத் தோன்றும்.

கனெக்‌ஷன் மெஷின் கணினியை உருவாக்கிய திங்கிங் மெஷின்ஸ் நிறுவனம், கூப்பர் மறைந்த அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நொடித்துப் போனது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளக் கணினிகளின் உற்பத்தியை 2006 இறுதியில் நிறுத்தியது. அவ்வியங்குதளத்திற்கான ஆதரவு 2013 இறுதியில் முடிவடைந்தது. தகவல் நிலக்காட்சிகளைப் பொறுத்தவரை, பொதுவாக இன்று பார்க்கக் கிடைப்பது அவற்றின் நிகழ்படப் பதிவாகும். நிகழ்படத்தில் அசைவு தெரியும். ஆனால், பார்ப்பவர் தாம் விரும்பிய திசையில் செல்ல இயலாது. கூப்பரின் ஆய்வுக்கு மையமாக இருந்தது அந்த விருப்பத் தேர்வேயாகும்.

பாதுகாப்பு முறைகள்

இவ்வகைப் படைப்புகளைக் காக்க ஆவணகங்கள் சில முறைகளைக் கையாள்கின்றன. முதலில் நெகிழ்வட்டு, வன்தட்டு, காந்த நாடா ஆகியவற்றின் உள்ளடக்கம் பிட்டுக்குப் பிட்டு முழுமையாகப் படியெடுக்கப்படும். படியில் பின்னர் மாற்றம் ஏதும் நேரவில்லை என்பதை உறுதிசெய்யச் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு வைக்கப்படும். அதன்பின் மூன்று வழிகள் உள்ளன:

* பழைய கணினியையே பழுதுபார்த்து இயக்குதல். உதிரி உறுப்புகள் கிடைக்கும் வரையே இது இயலும்.
* பழைய கணினியைப் போல் நடந்துகொள்ளும் மென்பொருளை (எமுலேட்டர்) புதிய கணினியில் இயக்குதல். சிறப்பு வரைகலை வன்பொருள் கொண்ட கணினிகளுக்கு இது கடினம்.
* மூலநிரலைப் புதிய சூழலுக்கு ஏற்ப மாற்றி எழுதுதல். இதில் வேகம், நிறம், கைக்கு ஈடு கொடுக்கும் தன்மை ஆகியன மூலத்திலிருந்து வேறுபடக்கூடும்.

கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள கனடியக் கட்டடக்கலை மையம், 1980களின் இறுதி முதல் 2000களின் தொடக்கம் வரையிலான 25 திட்டங்களின் எண்ணிமக் கோப்புகளைத் திரட்டும் பணியை மேற்கொண்டது. கட்டடக்கலைஞர் கிரெக் லின் பொறுப்பில் இதன் முதற்கண்காட்சி 2013 இல் நடைபெற்றது. கோப்புகளுடன், அவற்றை உருவாக்கியவர்களின் நேர்காணல்களும் சேர்க்கப்பட்டன. கோப்பு மட்டும் தனித்து நின்று தன் வரலாற்றைச் சொல்லாது என்பதை இம்முயற்சி உணர்த்தியது.

ஆக்கியோர் யார் என்னும் கேள்வி

நூலில் வடிவமைப்பாளரின் பெயர் அச்சிடப்படுகிறது. பட்டறையின் மென்பொருள்களோ பலர் சேர்ந்து செய்தவை. கூப்பர் கேள்வி எழுப்பினார், குறை கண்டார், திசை காட்டினார். நிரலை மாணவர்கள் எழுதினர். எனவே ஒரு படைப்பில் எவருடைய பங்கு எவ்வளவு என்பதை அறிய, மூலநிரலுடன் மாணவர்களின் ஆய்வேடுகளும் மாநாட்டுக் கட்டுரைகளும் தேவைப்படுகின்றன. 1994 இல் ஸ்மால், இஷிசாகி, கூப்பர் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட எழுத்து வெளி பற்றிய சிறு கட்டுரை அத்தகைய ஆவணங்களுள் ஒன்று. இவை இல்லாவிடில் மாணவர்களின் உழைப்பு ஆசிரியரின் பெயரில் மறைந்துவிடும், அல்லது நிரல் எழுதாத ஆசிரியரின் பங்கு முற்றிலும் விடுபட்டுவிடும்.

இன்றைய நிலை

கூப்பர் பயின்ற மாசச்சூசெட்ஸ் கலை, வடிவமைப்புக் கல்லூரியின் நூலக ஆவணகத்தில் கூப்பர் தொகுப்பு பாதுகாக்கப்படுகிறது. டேவிட் ரெயின்பர்ட், ராபர்ட் வீசன்பெர்கர் ஆகிய இருவரும் 2014 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூப்பர் பற்றிய கண்காட்சி ஒன்றை அமைத்தனர். அவர்கள் எழுதிய விரிவான நூலை 2017 இல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்டது. நிரல்கள் இயங்காத நிலையில், திரைப் படிமங்களும் நிகழ்படச் சட்டங்களும் அச்சுத் தாளில் இடம்பெற்றன. தாளின் எல்லையைக் கடக்க முயன்ற ஆய்வுகளைத் தாளே ஏந்திக் காக்கும் நிலை ஏற்பட்டது.

தாக்கம்

கூப்பரின் வழியைப் பின்பற்றிய ஜான் மைதா 1996 இல் ஊடக ஆய்வகத்தில் அழகியலும் கணிப்பும் பற்றிய ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் மாணவர்களான கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் 2001 இல் வடிவமைப்பாளர்களுக்கான புரோசெசிங் நிரல்மொழியைத் தொடங்கினர். அதன் மூலநிரல் கட்டற்ற முறையில் வெளியிடப்பட்டமையால், எவரும் அதனைப் படியெடுத்து வைக்கவும் புதிய கணினிகளுக்கு ஏற்பத் திருத்தவும் இயலும். பட்டறையின் மென்பொருள்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.