கவர்னர் ஜெனரல் ஆவதற்கு முன் கவுன்சிலர்!

இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் ராஜாஜி. டில்லியில் வெள்ளைக்கார வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில் குடியிருந்தவர். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அவர் முதன் முதலில் உட்கார்ந்த பதவி நாற்காலி எது தெரியுமா? சேலம் நகரசபையின் கவுன்சிலர் நாற்காலி!

சாக்கடை, தெரு விளக்கு, குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி. இவற்றில்தான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது.

முன்சீப் மகன்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. தென்பெண்ணை ஆறு ஓடும் ஊர். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. ஓசூரைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம்.

தொரப்பள்ளியில் கிராம முன்சீபாக இருந்தவர் சக்கரவர்த்தி ஐயங்கார். அவருடைய மனைவி சிங்காரம்மாள். இவர்களுக்கு மூன்றாவது மகனாக 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ராஜகோபாலன் பிறந்தார்.

முன்சீப் என்றால் கோர்ட்டு நீதிபதி அல்ல. ஊரின் தலையாரி முதல் தாசில்தார் வரை எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர். வரி வசூல், பிறப்பு இறப்புக் கணக்கு, சில்லறை வழக்கு எல்லாம் அவரிடம்தான் வரும். ஊர் நிர்வாகம் என்பது என்ன என்று ராஜகோபாலன் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்து வளர்ந்தார் எனலாம்.

பிள்ளை நோஞ்சான். பிழைப்பானோ மாட்டானோ என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். அந்தப் பிள்ளைதான் 94 வயது வரை வாழ்ந்தது!

ஐந்து வயதில் குடும்பம் ஓசூருக்கு வந்தது. ஓசூர் அரசாங்கப் பள்ளியில் படிப்பு. பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். பிறகு சென்னை மாகாணக் கல்லூரியில் சட்டம். எல்லைப் புறத்துப் பையன்களுக்குச் சென்னையைவிட பெங்களூர்தான் பக்கம். இன்றும் அப்படித்தான்.

1897-ல் கல்யாணம். மனைவி பெயர் அலமேலு மங்கம்மாள்.

சேலத்து வக்கீல்

1900-ம் ஆண்டு ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வயது இருபத்தொன்று. சீக்கிரமே கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். கையில் பணம் புரண்டது. மோட்டார் கார் வைத்திருந்தார். சேலத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர்.

சேலத்தில் இன்னொரு பெரிய வக்கீல் இருந்தார். அவர் விஜயராகவாச்சாரியார். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். அவரும் ஒரு காலத்தில் சேலம் நகரசபை உறுப்பினராக இருந்தவர்தான். அந்தப் பெரியவரைப் பார்த்து ராஜாஜிக்குப் பொதுக்காரியத்தில் பற்று உண்டாயிற்று.

1911-ல் ராஜாஜி நகரசபைக் கவுன்சிலர் ஆனார்.

அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான் ஓட்டு. குடிசையில் இருப்பவன் நகரசபைக்கு யாரையும் அனுப்ப முடியாது. ஆனால் காலரா வந்தால் முதலில் சாகிறவன் அவன்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் ராஜாஜி பிறகு செய்த காரியத்தின் அருமை புரியும்.

ஏரித் தண்ணீர்

அதே 1911-ல்தான் பனமரத்துப்பட்டி ஏரி சேலம் நகரத்தின் குடிநீருக்காக அமைக்கப்பட்டது. மலையடிவாரத்து ஏரி. அங்கிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்தது.

ஊருக்குக் குழாய் வருவது சாதாரண விஷயமா? கிணற்றுக்கும் குழாய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிணறு அவரவர் வீட்டுக்கோ, அவரவர் ஜாதிக்கோ சொந்தம். குழாய் நகரசபைக்குச் சொந்தம். எந்தத் தெருவுக்குக் குழாய் போடுவது, எந்தத் தெருவை விட்டுவிடுவது, யாரிடம் எவ்வளவு வரி வாங்குவது என்பதையெல்லாம் கவுன்சிலர்கள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

ஏரி நிறைந்தால் தண்ணீர். ஏரி வற்றினால் திண்டாட்டம். வரவுக்குத் தக்க செலவு என்ற கணக்கு பணத்துக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் உண்டு என்பதை நகரசபையில் இருப்பவர்கள் கோடைக்குக் கோடை கற்றுக்கொள்வார்கள்.

அந்த நாளில் ஓசூர், சேலம் பக்கத்து மக்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. பிளேக்! 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் பெங்களூரில் அகலமான தெருக்களுடன் புதிய பேட்டைகள் கட்டினார்கள். தெருவை நெருக்கமாகக் கட்டினால், சாக்கடையைத் தேங்கவிட்டால், எலி வரும். எலியோடு சாவு வரும். நகர அமைப்பு என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சேர்மன்

1916-ல் ராஜாஜியின் மனைவி இறந்து போனார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ராஜாஜிக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

தாயில்லாத ஐந்து குழந்தைகள் வீட்டில். நாள் முழுவதும் கோர்ட்டு. இந்த நிலைமையில் 1917-ல் அவர் சேலம் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போது நகராட்சிக்கு ஆணையர் இருக்கிறார், என்ஜினீயர் இருக்கிறார். அன்று நிர்வாகப் பொறுப்பு சேர்மனின் தலையில்தான். குப்பை அள்ளவில்லை என்றாலும், விளக்கு எரியவில்லை என்றாலும் சேர்மனைத்தான் கேட்பார்கள்.

அவர் சேர்மனாக இருந்த காலமும் கெட்ட காலம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விலைவாசி ஏறிக்கிடந்தது. 1918-ல் மழை பொய்த்தது. அதே ஆண்டு விஷக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியது. இந்தியாவில் மட்டும் கோடிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நகரசபைத் தலைவர் பதவி மாலை போட்டுக்கொள்ளும் பதவி அல்ல.

சபையில் ஒரு புதிய நாற்காலி

ராஜாஜி சேர்மனாக இருந்தபோது ஒரு காரியம் நடந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சேலம் நகரசபையில் உறுப்பினர் ஆனார். சேலத்தின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அதற்குக் காரணமாக இருந்தவர் ராஜாஜி.

இன்று இதைப் படிப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். சேரிக்காரர் அக்கிரகாரத்துத் தெருவில் நடக்க முடியாது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில், வக்கீல்களும் மிராசுதார்களும் வியாபாரிகளும் கூடுகிற சபையில் அவருக்கும் ஒரு நாற்காலி! மற்றவர்கள் கை தூக்கும்போது அவரும் கை தூக்கலாம். அவருடைய தெருவுக்கு விளக்கு எங்கே என்று அவரே எழுந்து கேட்கலாம்.

வைதீகர்கள் ராஜாஜி மீது கோபம் கொண்டார்கள். ஐயங்கார் வீட்டுப் பிள்ளை குலத்தைக் கெடுக்கிறானே என்று பேசினார்கள். அவர் அதற்காகப் பின்வாங்கும் ஆள் இல்லை.

தனியொரு வேலையையும் அவர் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். 1916-ல் தமிழில் சாஸ்திரச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் அமைத்தார். ரசாயனம், பௌதிகம், தாவர நூல், வானநூல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடினார்கள். கோர்ட்டு முடிந்து, நகரசபை முடிந்து, இதற்கும் நேரம் இருந்திருக்கிறது!

இரண்டு சேர்மன்கள்

ஏறத்தாழ அதே சமயத்தில் பக்கத்து ஈரோட்டில் நகரசபைத் தலைவராக இருந்தவர் யார்? பெரியார் ஈ.வெ.ராமசாமி! அவர் அங்கே குடிநீர்த் திட்டத்தில் முனைந்திருந்தார். இங்கே வக்கீல் சேர்மன். அங்கே வியாபாரி சேர்மன். இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

பிற்காலத்தில் அரசியலில் இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஆனால் நட்பு அறவே அறுந்துபோகவில்லை. 1919-ல் இருவரும் தங்கள் சேர்மன் பதவியை விட்டு வெளியேறி, காந்தி வழிக்கு வந்தார்கள்.

ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம் காந்தி அவர் வீட்டில் தங்கினார். அங்கேதான் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்குத் தோன்றியது. பிறகு வக்கீல் தொழிலையும் ராஜாஜி விட்டார். சிறை, 1925-ல் திருச்செங்கோடு ஆசிரமம், 1930-ல் வேதாரணிய உப்பு யாத்திரை என்று அவருடைய வாழ்க்கை வேறு பாதையில் ஓடிற்று.

கள்ளுக்கடை மூடியது

1937-ல் ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதம மந்திரி ஆனார். உடனே மதுவிலக்கு. முதலில் எந்த ஜில்லா? தாம் வளர்ந்த, தாம் சேர்மனாக இருந்த சேலம் ஜில்லாவைத்தான் தேர்ந்தெடுத்தார். 1937 அக்டோபர் 1-ந் தேதி அங்கே கள்ளு, சாராயக் கடைகள் மூடப்பட்டன. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும்கூடத்தான்.

ஓசூருக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில் கடைகள் திறந்தே இருந்தன. எல்லைப் புறத்தில் மதுவிலக்கை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கள்ளுக்கடையை மூடினால் சர்க்காருக்கு வருமானம் போகும். அதற்கு ஈடாக 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். ஒரு வரவை நிறுத்தும்போதே இன்னொரு வரவுக்கு வழி பார்ப்பது, நகரசபையில் வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டிப் பழகியவருடைய புத்தி. இன்று அந்த விற்பனை வரியும் அதன் வழிவந்த வரிகளும் இல்லாமல் எந்த ராஜ்ய சர்க்காரும் நடக்காது.

எல்லாமே அவருக்குக் கைகூடியது என்று சொல்ல முடியாது. 1953-ல் முதல் மந்திரியாக இருந்து ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்பது திட்டம். முன்கூட்டிப் பலரையும் கலந்து பேசவில்லை. இது குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் பதவி விலகினார். சேலத்தில் ஒவ்வொரு கவுன்சிலரின் கையையும் எண்ணிப் பழகியவர், கோட்டையில் அதை மறந்தது விசித்திரம்தான். பின்னால் வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி சென்னையில் காலமானார்.

அதற்குப் பிறகு அந்த 1970-களிலேயே ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. பெங்களூரின் கழிவுநீர் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வருகிறது. அது அதே தென்பெண்ணை ஆறுதான்.