கல்லறைக் கல்லுக்குப் பெயர் வைத்தவர்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்கிறது. நீலச் சாயல் படிந்த கருங்கல் அங்கே ஏராளம். அந்தக் கல்லை உலகம் சார்னோக்கைட் என்று அழைக்கிறது. அப்பெயரைச் சூட்டியவர் சர் தாமஸ் ஹாலந்து.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் 1868-ல் பிறந்தவர் ஹாலந்து. 1890-ல் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அப்போது வயது 21தான்!

சமாதியில் ஒரு கல்

கல்கத்தா செயின்ட் ஜான் மாதாகோவில் வளாகத்தில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் சமாதி இருக்கிறது. அதன் கல், சென்னையை அடுத்த பல்லாவரம் பக்கத்துக் கல். அதைக் கண்டுகொண்ட ஹாலந்து, 1893-ல் அந்தக் கல்லினத்துக்குச் சார்னக்கின் பெயரையே சூட்டினார். 1900-ல் தென்னிந்திய மலைகளின் இத்தகைய பாறைகளை ஒரே குடும்பமாக்கிப் பெரிய நூல் வெளியிட்டார்.

வெந்த கல்

உருகிய பாறைக் குழம்பு இறுகியே இக்கல் பிறந்தது என்பது ஹாலந்தின் முடிவு. பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். பல இடங்களில் இது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கல். ஈரம் வறண்ட, 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட அனலில் விளையும் ஹைபர்ஸ்தீன் என்ற கனிமமே அதற்குச் சாட்சி. வயது சுமார் 250 கோடி ஆண்டு.

மலைக்கு அடியில் அத்தனை அனல் எப்படிச் சேரும்? கடலடிப் பாறைப் பாளம் கண்டத்துக்கு அடியில் புகுவதுண்டு. அது சரிவாக இறங்கினால், அதற்கு மேலே அனல் பாறை புரள இடம் கிடைக்கும்; எரிமலைகள் பொங்கும். பாளம் தட்டையாகப் படுத்தபடி நகர்ந்தாலோ, அடுப்புக்கு மூடி போட்டாற்போல் அனல் தடைபடும். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையின் பெரும் பகுதியில் எரிமலைகள் ஓய்ந்திருப்பது இதனால்தான். நம் மலைகளின் பழைய அனலுக்கும் பாளம் புகுந்ததே மூலம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

நிலைத்த பெயர்

ஹாலந்து 1903-ல் இலாகாவின் தலைவரானார். 1908-ல் சர் பட்டம் பெற்றார். 1916-ல் அமைந்த இந்தியத் தொழில் கமிஷனுக்கும் தலைமை தாங்கினார். பிறகு எடின்பரோ சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார். இந்தியா சுதந்திரம் பெற மூன்று மாதம் இருக்கையில், 1947 மே மாதம் காலமானார்.

அவர் சொன்ன காரணம் மாறிவிட்டது. அவர் வைத்த பெயர் மாறவில்லை. கல்வராயன் மலைக் கல்லையும் விஞ்ஞானிகள் இன்றும் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள்.