கரி: மாருதி 800 இஞ்சினில் ரேஸ் கார் கட்டியவர்

போன ஜனவரியில் எங்க ஃபார்முலா டீம் முதல்முறையா கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்குக்குப் போச்சு. வாசல்ல 'கரி மோட்டார் ஸ்பீட்வே'ன்னு போர்டு. கூட வந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் அதைப் படிச்சுட்டு, டயர் தேய்ஞ்சு வர்ற கரியா அண்ணா, இல்ல சைலன்சர் கரியான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். ஆனா பதில் சொல்ல எங்கள்ல ரெண்டே பேருக்குத்தான் தெரிஞ்சிருந்தது.

கரி என்பது ஒரு ஆளோட பேர். முழுப் பேர் கரிவரதன். கரின்னா யானை. முதலை வாயில மாட்டின யானைக்கு வரம் கொடுத்த பெருமாள் பேரு அது. ரேஸ் உலகத்துல யாரும் முழுசா கூப்பிடல, கரின்னே நின்னுடுச்சு. 1954ல் கோவையில் பிறந்தவர். 1995ல் இறந்துட்டார். நாம பிறக்கவே இல்ல அப்போ.

இப்ப இவரைப் பத்தி எழுதக் காரணம் ஹாஸ்டல்ல ஓடுற ஒரு சண்டை. எங்க ரூம்மேட், நாமக்கல் பையன், அவங்க அப்பாவுக்கு லாரி பாடி கட்டுற பட்டறை. படிப்பு முடியறதுக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கித் தர்றேன்னு அப்பா சொல்லியிருக்கார். பையன் தினமும் ராத்திரி போன்ல கார் விளம்பரமா பார்த்துட்டு இருக்கான். மேனுவல் கியர்தான் வேணும், ஸ்போர்ட்ஸ் காராவும் இருக்கணும், தினமும் காலேஜுக்கும் ஓட்டணும். அவன் கண்ணு வச்சிருக்கிறது டர்போ இஞ்சின் வச்ச ஒரு வெளிநாட்டு ஹாட்ச்பேக். அந்தக் கம்பெனி இந்தியாவுல கார் விக்கிறதையே நிறுத்தி வருஷமாச்சு. ஒரு சஸ்பென்ஷன் பார்ட் போனா எங்க தேடுவன்னு கேட்டா முறைக்கிறான். இந்தக் கேள்வியைத்தான் கரி நாப்பது வருஷம் முன்னாடி வேற மாதிரி கையாண்டார்.

அவர் லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். 1910ல் குப்புசாமி நாயுடு ஆரம்பிச்ச அந்த மில்லை கோவையில தெரியாதவங்க கிடையாது. வசதியான வீட்டுப் பையனுக்கு கார் பைத்தியம் வர்றது அதிசயம் இல்ல. ஆனா அந்தக் காலத்து இந்தியாவுல கார் பைத்தியமா இருக்கிறது பெரிய வேதனை. கடையில கிடைச்சது அம்பாசடர், ஃபியட், அதான் பிறகு பிரீமியர் பத்மினி ஆனது, அப்புறம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவ்வளவுதான். அம்பாசடர், ஃபியட் ரெண்டுலயும் கியர் லீவர் ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். எங்க தாத்தா அம்பாசடர்ல கியர் மாத்துறதைப் பார்த்திருக்கேன், கிணத்துல வாளி இறக்குற மாதிரி இருக்கும். வெளிநாட்டுக் கார் வேணும்னா கார் விலையை விட வரி அதிகம். லைசன்ஸ் ராஜ்னு எகனாமிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, அதை ரோட்டுல பார்த்தா இப்படித்தான் இருந்தது.

ரேஸ் ஓட்டணும்னா அன்னிக்கு தமிழ்நாட்டுல முக்கியமான இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, ரெண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க ரேஸ் நடத்தும், திருவிழாக் கூட்டம் கூடும். ஓட்டினவங்க ரெண்டு ஜாதி. ஒண்ணு, ஃபியட், ஹெரால்டு இஞ்சினை வச்சுக்கிட்டு சொந்தப் பட்டறையில ஏதோ ஒண்ணு கட்டி எடுத்துட்டு வர்றவங்க. அதுக்கு 'ஸ்பெஷல்'னு பேரு. இன்னொண்ணு, வெளிநாட்டுல ஓடி ஓய்ஞ்ச ரேஸ் காரை காசு கொடுத்து இறக்கினவங்க. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டினது அங்கதான். ஒருத்தன் கைல ஃபியட் இஞ்சின், பக்கத்துல நிக்கிறவன்கிட்ட ஃபார்முலா ஒன் கார். கொடி இறங்கினதும் முடிவு தெரிஞ்சுடும். பார்க்க ஜோரா இருக்கும், ஆனா யாருக்கு ஓட்டத் தெரியும்ங்கிற கேள்விக்கு அதுல பதில் கிடையாது.

கரி அங்க ஓட்டிப் பேர் வாங்கினவர். இறக்குமதி கார் அவருக்கு எட்டாத பொருள் இல்ல. வருஷா வருஷம் ஒண்ணு இறக்கி, கோப்பை வாங்கி வீட்டு ஷோகேஸ்ல அடுக்கியிருக்கலாம். அப்படிப் பண்ணியிருந்தா இன்னிக்கு அவர் பேர்ல டிராக் இருந்திருக்காதுங்கிறது என் அபிப்பிராயம்.

1983 டிசம்பர் 14 அன்னிக்கு முதல் மாருதி 800 சாவி கைமாறிச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், நாலு கியர், லீவர் தரையில. நாப்பது குதிரைத்திறன் கூட வராது. ஆனா எடை சுமார் 650 கிலோ. அம்பாசடர் டன்னுக்கு மேல. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே மெக்கானிக்கல் பசங்களுக்கு மிச்சம் புரிஞ்சுடும். ஊரே அதை ஆபீஸ் போக, ஸ்கூல்ல குழந்தையை விட, மாமியார் வீட்டுக்குப் போகன்னு வாங்கிச்சு. கரி அதுல வேற ஒண்ணைப் பார்த்தார்.

மாருதி 800 முன்சக்கரத்துல இழுக்கிற கார். அந்த மாதிரி கார்ல இஞ்சின் குறுக்கா உட்கார்ந்திருக்கும். இஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் நாலும் ஒரே கட்டி. அம்பாசடர்ல மாதிரி நீள ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாடி தனி ஆக்சில் எதுவும் கிடையாது. அந்த மொத்தக் கட்டியையும் அப்படியே தூக்கி, திருப்பாம, டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வச்சுட்டா என்ன ஆகும்? முன்சக்கரத்தைச் சுத்தின அதே ஷாஃப்ட் இப்போ பின்சக்கரத்தைச் சுத்தும். கியர் ராடை மட்டும் நீட்டிப் பின்னாடி கொண்டு போகணும். கூலன்ட் பைப்புக்கு வழி பார்க்கணும். எடை பின்சக்கரத்து மேல விழும், ஆக்சிலரேட்டரை மிதிச்சா சக்கரம் வழுக்காம பிடிக்கும். நடுவுல இஞ்சின் வச்ச ஒத்தை சீட்டு ரேஸ் கார், கடையில கிடைக்கிற குடும்பக் கார் பார்ட்ஸை வச்சே கட்டிடலாம்.

1988ல் அது ஃபார்முலா மாருதின்னு வந்துச்சு. இரும்புக் குழாய்ல பின்னின சட்டம், மேல ஃபைபர் உடம்பு, முதுகுப் பக்கம் 800 இஞ்சின். கோவையில அவரோட சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறையில கட்டினது. கோவைங்கிறதால இது நடந்துச்சுன்னும் சொல்லணும். ஃபவுண்டரி, லேத், பம்ப் செட்டு, மோட்டார், பேட்டர்ன் அடிக்கிற ஆள் எல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். நம்ம நாமக்கல்ல லாரி பாடி, திருச்செங்கோட்டுல ரிக் வண்டி மாதிரிதான் அதுவும். டிராயிங்கைக் காட்டினா ரெண்டு நாள்ல பொருள் கைக்கு வந்துடும்.

என்னைக் கேட்டா, அந்தக் காரை விட முக்கியம் அதைச் சுத்திப் போட்ட விதிதான். எல்லாருக்கும் ஒரே இஞ்சின், ஒரே கியர் பாக்ஸ், ஒரே மாதிரி கார். அப்பா எவ்வளவு பணக்காரர்ங்கிறது ஸ்டார்ட்டிங் லைன்லயே பாதி செத்துடும். மீதிப் பாதி டயர், பெட்ரோல், டிராவல்னு எப்பவும் இருக்கும், அதை நான் மறைக்கல. ரேஸ் ஒண்ணும் ஏழை விளையாட்டா மாறிடல. ஆனா இஞ்சின் போச்சுன்னா மாருதி மெக்கானிக் எந்த ஊர்லயும் கிடைப்பார். கப்பல்ல பார்ட்ஸ் வர ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம்.

நாப்பதுக்கும் கம்மியான குதிரைத்திறன்ல என்ன பெரிய ரேஸ்னு ரூம்மேட் கேட்டான். நான் சொன்ன பதில் இது. பவர் கம்மியா இருந்தா தப்பு பண்ணி இழந்த வேகத்தை ஆக்சிலரேட்டரை மிதிச்சுத் திரும்ப எடுக்க முடியாது. வளைவுல தேவைக்கு மேல பிரேக் அடிச்சா அடுத்த நேர்ரோடு முழுக்க அதுக்கு வட்டி கட்டணும். நாலே கியர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. தப்பான சமயத்துல மூணாவது போட்டா இஞ்சின் முக்கும். பிரேக்கை முன்பாதத்துல மிதிச்சுக்கிட்டே ஓரத்தால ஆக்சிலரேட்டரைத் தட்டி, ஆர்பிஎம்மை ஏத்தி, கியரை இறக்கணும். நம்ம ஊர்ல பழைய லாரி ஓட்டின பெரியவங்ககிட்ட டபுள் கிளட்ச்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, அதோட பங்காளிதான் இது. அவங்க ஏற்காடு மலையில பண்ணினதை இவங்க ரேஸ் டிராக்ல பண்ணினாங்க. கையும் காலும் காதும் இஞ்சினோட பேசணும். மேனுவல் கியர்ல இருக்கிற சுகம் அதுதான், 300 குதிரைத்திறன் இருந்தாத்தான் அது வரும்னு இல்ல.

1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில சரியான ரேஸ் டிராக் வந்துச்சு. ஃபார்முலா மாருதிக்கு அது தோதா அமைஞ்சது. கோவைப் பையன் ஒருத்தன், 1977 ஜனவரியில பிறந்தவன், ராலி ஓட்டுற ஜி.ஆர். கார்த்திகேயனோட மகன், பதினஞ்சு வயசு வாக்குல ஒரு ஃபார்முலா மாருதியில ஏறினான். அவன்தான் நரேன். 2005 மார்ச்ல மெல்போர்ன்ல ஜோர்டான் கார்ல இறங்கி, இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். 2000ல் சென்னைப் பையன் கருண் சந்தோக் ஆரம்பிச்சதும் ஃபார்முலா மாருதியிலதான். 2010ல் அவரும் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். இந்தியாவுல இருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துல ஓட்டினது இவங்க ரெண்டே பேர்தான். ரெண்டு பேருக்கும் முதல் படி, ஊர் முழுக்க ஸ்கூல் டிராப்புக்கு ஓடின காரோட இஞ்சின்.

இவங்க ஃபார்முலா ஒன்னுக்குப் போனதை கரி பார்க்கல. 1995 ஆகஸ்ட்ல சின்ன இலகுரக விமானத்துல பறக்கும்போது அது விழுந்து இறந்துட்டார். 41 வயசு. இத்தனை வருஷம் ரேஸ் கார்ல தப்பிச்சவர், வானத்துல போய் விழுந்தார். அவர் இன்னும் ஒரு இருபது வருஷம் இருந்திருந்தா என்னென்ன கட்டியிருப்பார்னு கோவைப் பக்கத்துப் பசங்க இன்னிக்கும் பேசுவாங்க. அந்தப் பேச்சுக்கு நான் போகல. ஆனா பட்டறை நிக்கல, அது முக்கியம். அப்புறம் கோவையில வந்த ஃபார்முலா எல்ஜிபி கார்லயும் ஸ்விஃப்ட் இஞ்சின்தான் உட்கார்ந்தது. அதே வழி, அடுத்த சைஸ். 2000க்குப் பிறகு செட்டிபாளையத்துல 2.1 கிலோமீட்டர் டிராக் வந்து அதுக்கு அவர் பேரை வச்சாங்க.

ஃபார்முலா மாருதி ரோட்டுக் கார் இல்லைன்னு ரூம்மேட் ஒரு பாயிண்ட் எடுத்தான். சரிதான். ஹெட்லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, நம்ம காலேஜ் வாசல் ஸ்பீட் பிரேக்கர்ல வயிறு தட்டி அங்கேயே உட்கார்ந்துடும். ரேஸ் காரை அப்படியே ரோட்டுக்கு கொண்டு வான்னு நானும் சொல்லல. கரி வரிசையை மாத்தினார், அதைத்தான் சொல்றேன். எது வேகம்னு முதல்ல கேட்கல. எது கைக்குக் கிடைக்கும், எது எடை கம்மி, எதை நம்ம ஊர் ஃபிட்டர் பிரிச்சுப் பூட்டுவார்னு கேட்டுட்டு, கடைசியாத்தான் வேகத்துக்கு வந்தார். சேலத்துல இருந்து நாமக்கல் ரோட்டுல தினமும் போறவனுக்கு அந்த வரிசை இன்னும் பொருந்தும். நாலு வழிச் சாலையில டர்போ காரை ரெண்டாவது கியர்ல முழுசா இழுத்தா, மூணாவது போடறதுக்குள்ள போலீஸ் கேமரா வந்துடும். எடை கம்மியான ஒரு சின்னக் காரா இருந்தா நாலு கியரையும் அஞ்சு கியரையும் சட்டத்துக்குள்ளேயே முழுசா உபயோகிக்கலாம்.

அவனோட அப்பாகிட்டயே இந்தக் கதையைச் சொன்னோம், போன மாசம் பட்டறைக்குப் போனப்போ. மனுஷன் ஒரு டிப்பருக்குப் பாடி கட்டிட்டு இருந்தார். ஏனுங்க தம்பி, இஞ்சினைத் தூக்கிப் பின்னாடி வச்சா கியர் ராடுக்கு எங்க சப்போர்ட் குடுத்தாருன்னுதான் முதல் கேள்வி. அரைமணி நேரம் வெல்டிங் சாக்பீஸ்ல தரையில படம் போட்டார். மகனோட கார் விஷயத்தை அவரும் எடுக்கல, நாங்களும் எடுக்கல.

அவன் இன்னும் விளம்பரம் பார்த்துட்டுத்தான் இருக்கான். இப்ப லிஸ்ட்ல ரெண்டு பழைய ஸ்விஃப்ட் சேர்ந்திருக்கு, டர்போ ஹாட்ச்பேக்கும் லிஸ்ட்டை விட்டுப் போகல. எங்க டீம் அடுத்த ஜனவரிக்கு மறுபடி செட்டிபாளையம் போகணும். சங்ககிரி, பவானி, பெருந்துறைன்னு டெம்போவுல காரைக் கட்டிக்கிட்டு நூத்தி அறுபது கிலோமீட்டர் சொச்சம். போட்டி விதிப்படி 710 சிசி வரைக்கும் வைக்கலாம், நாங்க 390 பைக் இஞ்சின் வச்சிருக்கோம். செயின் அலைன்மென்ட் இன்னும் சரியா வரல. வெல்டிங் தெரிஞ்ச ஜூனியர்ஸ் யாராவது இருந்தா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒர்க்ஷாப் பின்பக்கம் வாங்க.