ஆற்றங்கரைப் பாதிரியார் ஜான் ராங்கின்

அமெரிக்காவில் ஓஹியோ என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. 1820-ம் ஆண்டு வாக்கில் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு விதமான நியாயம் இருந்தது.

தென்கரையில் கெண்டக்கி மாநிலம். அங்கே மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாம், சந்தையில் விற்கலாம். தாயை ஒருவருக்கும் பிள்ளையை இன்னொருவருக்கும் பிரித்து விற்றாலும் கேட்பார் இல்லை.

வடகரையில் ஓஹியோ மாநிலம். அங்கே அடிமை முறை சட்டப்படி கிடையாது.

கறுப்பு இன அடிமைகள் பலர் இரவில் ஓடி வந்து இந்த ஆற்றைக் கடந்தார்கள். பின்னாலேயே துப்பாக்கியும் வேட்டை நாய்களும் வரும். கரை ஏறிய பிறகும் ஆபத்துதான். ஓடி வந்தவரைப் பிடித்துக் கொண்டுபோக எஜமானுக்குச் சட்டம் உரிமை கொடுத்திருந்தது.

அப்படிக் கரை ஏறியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அவர் பெயர் ஜான் ராங்கின்.

இளமை

ராங்கின் 1793-ம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் டாண்ட்ரிட்ஜ் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். அதுவும் அடிமைகள் நிறைந்த மாநிலம்தான். அவருடைய ஆசிரியர் சாமுவேல் டோக் அடிமை முறையை வெறுத்தவர். மாணவரின் மனதிலும் அந்த வெறுப்பு வேர் விட்டது.

1814-ல் ராங்கினுக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் ஜீன் லோரி. ஆசிரியர் டோக்கின் பேத்திதான் அவர். பிற்காலத்தில் கணவர் பட்ட கஷ்டங்களில் எல்லாம் அவருக்கும் சம பங்கு இருந்தது.

படிப்பு முடிந்ததும் ராங்கின் பிரெஸ்பிட்டேரியன் சபையில் போதகர் ஆனார். மனிதனை மனிதன் கொடுமைப்படுத்துவது பாவம் என்று பிரசங்கம் செய்தார். சபை மூப்பர்கள் திடுக்கிட்டார்கள். அடிமை முறைக்கு எதிராகப் பேசுவதாக இருந்தால் டென்னசியை விட்டுப் போய்விடுவது நல்லது என்று எச்சரித்தார்கள்.

ராங்கின் பேச்சை நிறுத்தவில்லை, ஊரை விட்டார்.

கரை மாறினார்

1817-ல் கெண்டக்கியில் கார்லைல் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு வந்தார். அங்கே அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்க ஒரு பள்ளி தொடங்கினார். தடி ஏந்திய கும்பல் வந்து மாணவர்களை விரட்டியது. பள்ளியை வேறு வீட்டுக்கு மாற்றினார். அங்கும் விரட்டினார்கள். கடைசியில் ஒரு நண்பரின் சமையல் அறையில் பாடம் நடந்தது. அங்கும் விடவில்லை. பள்ளி நின்றுபோனது.

1821-ம் ஆண்டின் கடைசி இரவு. கடும் குளிர். ராங்கின் மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டு ஓஹியோ ஆற்றைக் கடந்தார். புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் வடகரையில் ரிப்ளி என்ற சிறிய ஊரில் இருந்தார்கள்.

அந்த ஊர்ச் சபையில் அவர் 44 ஆண்டுகள் போதகராக இருந்தார்.

உடன்பிறந்தவருக்குக் கடிதம்

ராங்கினின் உடன்பிறந்தவர் தாமஸ். வெர்ஜீனியாவில் வியாபாரம் செய்தார். அவர் அடிமைகளை வாங்கிவிட்டார் என்று 1824-ல் செய்தி வந்தது. ராங்கின் துடித்துப்போனார்.

அடிமை முறை ஏன் தவறு என்று விளக்கி வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். அவை ரிப்ளியில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் அச்சாயின. 1826-ல் புத்தகமாகவும் வந்தன.

உடன்பிறந்தவரின் மனம் மாறியது. 1827-ல் தாமஸ் அடிமைகளை விடுதலை செய்துவிட்டு ஓஹியோவுக்கே வந்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. வில்லியம் லாயிட் காரிசன் என்பவர் அடிமை ஒழிப்புக்காகப் பத்திரிகை நடத்தியவர். 1832-ல் இந்தக் கடிதங்களைத் தம் பத்திரிகையிலும் வெளியிட்டார். ராங்கினின் சீடன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார்.

குன்றின் மேல் வீடு

1829-ல் ராங்கின் குடும்பம் ஊருக்கு மேலே இருந்த குன்றில் குடியேறியது. சிறிய செங்கல் வீடு. அங்கிருந்து பார்த்தால் ஆறும் கெண்டக்கிக் கரையும் தெளிவாகத் தெரியும். இரவில் அந்த வீட்டில் விளக்கு எரியும். ஆற்றின் அக்கரையிலிருந்தும் அந்த வெளிச்சம் தெரிந்தது. ஓடி வந்தவர்களுக்கு அதுவே வழிகாட்டி. கரையிலிருந்து வீடு வரை செங்குத்தான படிகள் ஏறின.

ராங்கினுக்கு 13 பிள்ளைகள். 9 மகன்கள், 4 மகள்கள். ஓடி வந்தவர்களுக்கு வீட்டில் சூடான உணவும் உடையும் கிடைக்கும். விடிவதற்குள் மகன்கள் அவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த ஊரில் உள்ள நண்பர் வீட்டில் சேர்ப்பார்கள். அங்கிருந்து அதற்கடுத்த வீடு. இப்படியே வீடு வீடாகக் கனடா வரை ஒரு ரகசியப் பாதை இருந்தது.

இந்த வேலை ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகக்கூடியது அல்ல. ஊரில் பலர் துணை நின்றார்கள். அவர்களில் ஜான் பார்க்கர் முக்கியமானவர். எட்டு வயதில் விற்கப்பட்ட அடிமை அவர். உழைத்துப் பணம் சேர்த்து, 1845-ல் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினார். பிறகு ரிப்ளிக்கு வந்து இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்தினார். பகலில் பட்டறை, இரவில் படகு. கெண்டக்கிக்குள்ளேயே புகுந்து அடிமைகளை அழைத்து வருவார். பிடிபட்டால் அவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ராங்கின் வீட்டின் வழியாக ஏறத்தாழ 2,000 பேர் தப்பினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

பனிக்கட்டி மீது ஒரு தாய்

1838-ம் ஆண்டு குளிர்காலம். ஆறு உறைந்திருந்தது. பனிக்கட்டி இளகத் தொடங்கிய சமயம். கைக்குழந்தையோடு ஒரு தாய் அதன் மேல் ஓடி வந்தாள். பனி உடைந்து தண்ணீரில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். குழந்தையை மட்டும் விடவில்லை.

கரையில் அடிமைகளைப் பிடிக்கக் காத்திருந்த ஒருவனே அவள் நிலையைக் கண்டு இரங்கிக் குன்றின் மேல் வீட்டைக் காட்டினான் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ராங்கின் வீட்டார் அவளைக் காப்பாற்றி அனுப்பினார்கள்.

ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற எழுத்தாளர் அப்போது ஓஹியோவில் வசித்தார். ராங்கின் குடும்பத்தின் மூலம் இந்தச் சம்பவம் அவருக்குத் தெரிந்தது. 1852-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற நாவலான டாம் மாமாவின் குடிசையில் பனிக்கட்டி ஆற்றைத் தாண்டும் எலிசா என்ற பாத்திரம் இப்படிப் பிறந்ததுதான்.

நள்ளிரவுத் தாக்குதல்

அடிமைச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராங்கினின் தலைக்கு விலை வைத்தார்கள். 1841-ல் ஒரு நாள் இரவு ஆயுதங்களோடு வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். மகன்கள் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார்கள். இருட்டில் குண்டுகள் பறந்தன. வந்தவர்கள் ஓடிப்போனார்கள்.

1850-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. ஓடி வந்த அடிமைக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம். 6 மாதம் வரை சிறை. அப்படியும் குன்றின் மேல் விளக்கு அணையவில்லை.

சபைக்குள் போராட்டம்

ராங்கினுக்கு இதைவிடப் பெரிய போராட்டம் சொந்தச் சபைக்குள்ளேயே இருந்தது.

பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. ஒவ்வொரு ஊர்ச் சபைக்கும் மூப்பர்கள் உண்டு. ஒரு வட்டாரத்தின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்தது வட்டாரச் சபை. அதற்குப் பிரெஸ்பிட்டரி என்று பெயர். போதகர்களை நியமிப்பதும், குற்றம் செய்தவரை விசாரிப்பதும் அதன் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பேரவை.

அடிமை முறை மனித உரிமைக்கும் கடவுள் கட்டளைக்கும் விரோதம் என்று பொதுப் பேரவை 1818-லேயே தீர்மானம் போட்டது. ஆனால் அடிமை வைத்திருந்தவர்களைச் சபையிலிருந்து நீக்கவில்லை. அவர்களும் நற்கருணைப் பந்தியில் கூசாமல் உட்கார்ந்தார்கள்.

பாவம் என்று தெரிந்த பிறகு அதற்கு இடம் கொடுக்கலாமா? இதுதான் ராங்கினின் கேள்வி.

ரிப்ளி ஊர் சில்லிகாத்தி வட்டாரச் சபையைச் சேர்ந்தது. அந்த வட்டாரச் சபை இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. 1836-ல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய பொதுப் பேரவை விஷயத்தைக் காலவரம்பு இல்லாமல் தள்ளி வைத்தது. தென் மாநிலத்தார் பிரிந்து போய்விடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருந்தது.

ராங்கின் ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் பார்த்தார். 1847-ல் துணிந்து வெளியேறினார். ஒத்த கருத்துள்ளவர்களோடு சேர்ந்து சுதந்திர பிரெஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கினார். அடிமை வைத்திருப்பவருக்கு அங்கே உறுப்பினராக இடம் இல்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிது அல்ல. பல ஆண்டுகள் அவரிடம் பிரசங்கம் கேட்ட ரிப்ளி மக்களிலேயே ஒரு பகுதியினர் பிரிந்து போனார்கள். புதிய சபை சிறியது, பணமும் குறைவு. ஆனாலும் சொன்னதைச் செய்தது.

விடுதலை

1861-ல் வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ராங்கினின் மகன்களில் 6 பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். 1865-ல் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது.

பிரிந்து நிற்கக் காரணம் இல்லாமல் போனது. சுதந்திர சபையினர் பழைய சபையோடு மீண்டும் இணைந்தார்கள்.

1866-ல் ராங்கின் ரிப்ளி போதகர் பதவியிலிருந்து விலகினார். 1886 மார்ச் 18-ந் தேதி ஓஹியோவில் அயன்டன் என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 93. உடலை ரிப்ளிக்குக் கொண்டுவந்து, மனைவியின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

குன்றின் மேல் இருந்த அந்தச் சிறிய செங்கல் வீட்டை 1997-ல் தேசியச் சின்னமாக அமெரிக்க அரசு அறிவித்தது. பொருட்காட்சிச் சாலையாக மாறிய அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், அடிமைகள் ஏறிய குன்றில் தாங்களும் படி ஏறிப் பார்க்கிறார்கள்.