பீப்பாய்த் தண்ணீரும் ஒரு டாக்டரும்

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். அதற்குக் காரணமானவரின் கதையைச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

ரொனால்டு ராஸ் 1857-இல் இமயமலை அடிவார அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படை அதிகாரி. பையனுக்குக் கவிதை, ஓவியத்தில்தான் ஆசை. அப்பாவின் பிடிவாதத்தால் டாக்டருக்குப் படித்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

1883-இல் பெங்களூரில் அவர் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் புழுக்கள் நெளிந்தன. பீப்பாயைக் கவிழ்த்தார், கொசு வெகுவாகக் குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று அதிகாரி ஒருவரிடம் சொன்னார். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொசுவால் நோய் வரும் என்பது அப்போது ராஸுக்கே தெரியாது.

1894-இல் லண்டனில் டாக்டர் பாட்ரிக் மேன்சன், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவரிடம் சொன்னார். மறு ஆண்டு செகந்திராபாத் திரும்பிய ராஸ், கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். விசிறி போட்டால் கொசு பறந்துவிடும். வியர்வையில் மைக்ராஸ்கோப் திருகுகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கொடுத்தார். பத்துக் கொசுவுக்குப் பத்தணா. வங்கியில் கணக்கெழுதிய எனக்கு இந்தப் பற்று மட்டும் மறப்பதே இல்லை!

இரண்டு ஆண்டுகள் அவர் அறுத்தவை சாம்பல் நிறக் கொசுவும் வரிக்கொசுவும். மலேரியாக் கிருமி அவற்றில் இல்லை. 1897 ஆகஸ்ட் 20 அன்று, இறக்கையில் புள்ளியுள்ள அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியா கொசுக்கடியால்தான் பரவுகிறது என்று நிரூபித்தார். 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு நாடு நாடாகச் சென்று, தேங்கிய நீரை ஒழியுங்கள் என்றே சொல்லிவந்தார். 1932-இல் காலமானார்.

அவர் ஒதுக்கிவைத்த அந்த வரிக்கொசு இனம்தான் ஏடிஸ். டெங்குவைப் பரப்புவது இதுதான். சாக்கடை இதற்கு வேண்டாம். நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரே போதும். கடிப்பதும் பகலில்.

2017-இல் சேலம் மாவட்டம் டெங்குவால் பட்ட பாடு நினைவிருக்கும். அந்த ஆண்டு என் பேத்தி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எதிர் காலிமனையைத்தான் நான் குறை சொன்னேன். தேடிப் பார்த்தால், தண்ணீர் விட்டு விட்டு வருகிறதே என்று என் பால்கனியில் நான் நிரப்பிவைத்த டிரம்மில் புழு நெளிந்தது. மூடி சரியாக இல்லை. யாரை நோவது?

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது; உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டைகள் தண்ணீரில்லாமலே பல மாதம் தாங்கும்.

ராஸ் சொன்னதை அந்த அதிகாரி கேட்கவில்லை. நாமாவது கேட்போமே.