அஞ்சலை அம்மாளும் நீல் சிலையும்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர் செல்லும் எங்களுக்கு இம்பீரியல் சாலை இன்றும் இம்பீரியல் சாலைதான். அப்பெயரைச் சொல்வதாலேயே நாம் ஏகாதிபத்தியத்தைப் போற்றியவர்களாகிவிடுவோமா? கடந்த காலத்தை அரசு நினைவில் வைப்பதும் அதற்கு மரியாதை செய்வதும் ஒன்றுதானா? இதை எண்ணும்போதெல்லாம், கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலை அம்மாள் என் நினைவுக்கு வருகிறார்.

1857 எழுச்சியை ஒடுக்கச் சென்னைப் படையுடன் வடக்கே சென்றவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்தில் முறையான விசாரணையின்றி மக்களைத் தூக்கிலிட்டார். கான்பூரில் கைதிகளை இழிவுபடுத்திய பிறகே கொன்றார். அவ்வாண்டு செப்டம்பரில் லக்னோவில் அவரும் மாண்டார். சில ஆண்டுகளிலேயே மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது.

அதை அகற்றக் கோரி 1927-இல் நடந்த சத்தியாகிரகத்தில், சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு கலந்துகொண்டார் அஞ்சலை அம்மாள். இருவரும் தண்டிக்கப்பட்டனர். பின்னர் காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். கணவர் முருகப்பனும் போராட்டக்காரரே. குடும்பச் சொத்து போராட்டத்தில் கரைந்தது. கருவுற்றிருந்தபோதும் சிறை, மகப்பேற்றுக்காக வெளிவந்தவர், கைக்குழந்தையுடன் மீண்டும் சிறை சென்றார்.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறது: மாநகரின் முதன்மைச் சாலையில் ஒரு பீடம் மிக அரிய வளம். அதை ஒருவருக்கு ஒதுக்கும் அரசு, மற்ற அனைவரையும்விட அவரை உயர்த்துகிறது. 'வெறும் வரலாற்றுப் பதிவு' என்ற வாதம் அங்கே எடுபடாது. தெருப்பெயர் காலப்போக்கில் வெறும் முகவரியாகத் தேய்ந்துவிடும். பீடம் அப்படித் தேய்வதில்லை.

1937-இல் ராஜாஜி அமைச்சரவை சிலையை அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அதை உருக்கிவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே ஆண்டுதான் அஞ்சலை அம்மாள் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961-இல் மறைந்தார். நீலின் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் அவரது மற்றொரு சிலை இன்றும் பொதுவெளியில் நிற்கிறது. அதைப் பற்றி அவ்வூரார் முடிவு செய்யட்டும். நம் அரசிடம் நான் கேட்பது ஒன்றே: எழும்பூரில் நீல் சிலையை விளக்கும் பலகையில் அலகாபாத், கான்பூர் படுகொலைகளும், சிறை சென்ற கடலூர்த் தாய், மகள் பெயர்களும் இடம்பெற வேண்டும்.